கைக்கு எத்தனை சதவீதம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டச்சப் மேஜையில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்பவர்களிடம், குறையை மறைக்கிற வேலை என்று சொல்லுவேன். மாடு உயிரோடு இருந்தபோது முள்ளில் உரசியிருக்கும், உண்ணி கடித்திருக்கும், கம்பி வேலியில் கிழித்துக்கொண்டிருக்கும். தோலைப் பதனிட்டு, சாயம் போட்டு, வெட்டித் தைத்து, ஷூவாகி எங்கள் மேஜைக்கு வரும்போதும் அந்தத் தழும்புகள் மெலிதாகத் தெரியும். சின்ன பிரஷ்ஷால் கலரைத் தொட்டு, மெழுகுக் குச்சியால் தேய்த்து, துணியால் துடைத்து அனுப்புவோம். வெளிநாட்டிலிருந்து பார்ட்டி, அதாவது சரக்கு வாங்குகிறவர்கள், வந்து டியூப்லைட்டுக்குக் கீழே ஒவ்வொரு ஜோடியாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் தொட்ட ஜோடி ரிஜெக்ட் ஆனது ரொம்பக் கம்மி. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு நாள் குளிக்கும்போது வலது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாத கட்டிக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று நானே முடிவு செய்து, தீபாவளி ஆர்டர் முடியும்வரை பேசாமல் இருந்தேன். பிறகு வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்து, கேன்சர் என்றார்கள். மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அப்புறம் ஊசி மருந்து, அதற்கப்புறம் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்தார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் நோண்டிக் கேட்கிற புத்தி. கரண்ட் வைக்கிற மெஷினுக்குள் என்ன இருக்கிறது, அது ஏன் சுடுவதில்லை, சுடாத ஒன்று எப்படித் தோலைக் கறுப்பாக்குகிறது என்றெல்லாம் கேட்பேன். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் எரிந்து விழவில்லை. பொறுமையாகச் சொன்னார்கள், படம் போட்டுக்கூடக் காட்டினார்கள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. "நான் எவ்ளோ நாள் இருப்பேன்?" என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

தலைமுடி திரும்ப முளைத்தது. ஆனால் வலது கை வீங்க ஆரம்பித்தது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டதால் கையில் ஊறும் நீர் வடிய வழியில்லை என்று விளக்கினார்கள். காலையில் கொஞ்சம் குறைவாக இருக்கும். வேலை செய்யச் செய்ய, கையைத் தொங்கவிடத் தொங்கவிட, முன்கை முழுக்கத் திண்டு மாதிரி ஆகிவிடும். வளையல் உள்ளே போகாது, போனது வெளியே வராது. தோளும் இறுகிப்போய், கையைத் தூக்கி ஒரு ஜடை பின்ன முடியவில்லை. கம்பெனியில் வரச் சொன்னார்கள், போனேன். பிரஷ்ஷைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வேலை செய்தால் விரல்கள் மரத்துப்போய், எந்த ஷூவைத் தொட்டேன், எதைத் தொடவில்லை என்றே தெரியாமல் போயிற்று. நானே நின்றுகொண்டேன்.

வீட்டில் உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. என்னை எல்லோரும் போய்க்கொண்டிருப்பவளாகப் பார்த்தார்கள். வந்து பார்க்கிறவர்கள் ஆப்பிள் வாங்கி வந்தார்கள். சபையில் எனக்காக ஜெபித்தார்கள், அதில் "சமாதானமான முடிவு" என்றொரு வார்த்தை அடிக்கடி வந்தது. எங்கள் தெருவில் சீட்டு பிடிக்கிற அக்கா புதுச் சீட்டில் என் பெயரைச் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, "உனுக்கு எதுக்கு இப்ப அந்தப் பேஜாரு, ரெஸ்ட் எடு" என்றார். சீட்டு முடிகிறவரைக்கும் நான் இருப்பேனா என்பது அவருடைய கணக்கு. தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் கோபம் வந்தது. என் கணவர் லாரி ஓட்டுபவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தால், வியாதி விட்டாலும் இந்த உட்கார்தலே என்னைக் கொன்றுவிடும் என்று பயந்தேன். எனக்கு ஒரு வேலை வேண்டும், நாலு பேர் தினமும் என்னைத் தேடி வரவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்தச் சமயத்தில்தான் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த டெலிபோன் பூத்துக்கு அடிக்கடி போக நேர்ந்தது. லாரி எங்கே நிற்கிறது என்று என் கணவர் அந்த பூத்துக்குப் போன் செய்து சொல்லுவார், நான் குறித்த நேரத்தில் போய் நிற்பேன். பூத்துக்காரருக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போயிருந்தன. மூன்று சக்கர வண்டியில் வருவார். கண்ணாடி அறைக்குள் பேசுகிறவர்கள், வெளியே காத்திருக்கிறவர்கள், மீட்டரில் ஓடுகிற சிவப்பு எண்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடத்துவார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எப்படி வாங்கினீர்கள் என்று விசாரித்தேன்.

"கவர்மென்ட்ல ஊனமுற்றோருக்கு முன்னுரிமை இருக்குதும்மா. மெடிக்கல் போர்டுல சர்டிபிகேட் வாங்கணும். நாப்பது பர்சென்ட்டுக்கு மேல இருந்தா பூத்து கிடைக்கும், பஸ் பாஸ் கிடைக்கும். யாருக்கு?"

"எனக்குத்தான். கை."

அவர் எட்டிப் பார்த்தார். நான் முந்தானையால் மூடியிருந்த கையை வெளியே எடுத்தேன். காலை நேரம், வீக்கம் வடிந்திருந்தது.

"நல்லாத்தானே இருக்குது" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

நாற்பது என்ற அந்த எண் என்னை விடவில்லை. ஒரு மனுஷியில் நாற்பது பங்கு போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கம்பெனியில் தோலை ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குக்கூட சதவீதம் கிடையாது. டேப் வைத்து அளப்பார்களா, எடை போடுவார்களா? விண்ணப்பம் கொடுக்கப் போவதில் எனக்கு இருந்த ஆர்வத்தில் பாதி, இதைத் தெரிந்துகொள்வதற்குத்தான்.

விண்ணப்பத்தோடு, ஊனம் தெரியும்படி எடுத்த புகைப்படம் ஒட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்டுடியோக்காரரிடம் விவரமாகச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். ஸ்டூலில் உட்கார வைத்து, இடது பக்கமாகத் திருப்பி, முந்தானையைச் சரிசெய்து, "மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க" என்று எடுத்தார். படத்தைப் பார்த்தால் பெண் பார்க்க அனுப்புகிற படம் மாதிரி இருந்தது. முகத்தில் இருந்த கறுப்புகூட இல்லை, பென்சிலால் தொட்டு எடுத்திருக்கிறார். வீங்கிய கை எங்கே என்று கேட்டேன். "அது அசிங்கமா இருந்திச்சுங்க, அதான் ஆங்கிள் மாத்திட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவரும் என் தொழில்தான். மறுபடி எடுக்கச் சொன்னேன். மனசே இல்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

அவரைப் பார்த்துச் சிரித்தவள், போர்டு நாளுக்கு என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

போர்டுக்கு முந்தின நாள் முழுக்கக் கையில் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மேடம் சொல்லிக்கொடுத்தது அது, வீக்கம் நன்றாக வடியும். அவர் சொன்ன இன்னொரு பயிற்சி, சுவரில் விரலால் பல்லி மாதிரி ஏறுவது. அதையும் நாள் தவறாமல் செய்துவந்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு, போன வாரத்தைவிட எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று பார்ப்பேன். போர்டுக்குப் போகும் காலையில் முழங்கைவரை நீளக் கை வைத்த ரவிக்கை போட்டேன். மார்பு இல்லாத பக்கத்தில் துணியை அழகாக மடித்து வைத்துத் தைத்திருந்தேன். நல்ல புடவை, பவுடர், காலில் கம்பெனியில் தள்ளுபடியில் வாங்கிய செருப்பு. ஒரு அரசாங்க டாக்டர் என்னைப் பார்க்கப்போகிறார், அழுக்காகவா போய் நிற்பது?

வேலூரில் மாவட்ட ஆஸ்பத்திரி. வராந்தாவில் ஒரே கூட்டம். திமிரிப் பக்கத்திலிருந்து வந்த, கரும்பு வெட்டும்போது விரல் போனவர், கண் தெரியாத பெரியவர், பிள்ளையை இடுப்பில் தூக்கிய தாய்மார்கள். எல்லோரும் என்னைப் பார்த்து நான் யாருக்கோ துணைக்கு வந்தவள் என்று நினைத்தார்கள். ஒரு அம்மா, "உங்க பேஷன்ட் எங்க?" என்றே கேட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

உள்ளே மூன்று டாக்டர்கள். எலும்பு டாக்டர் இளவயது. கோணம் அளக்கிற ஒரு கருவியை எடுத்தார், இரண்டு பட்டைகள் ஒரு ஆணியில் சேர்ந்திருந்தன. அதைத் தோளில் வைத்து, "கையைத் தூக்குங்க" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். வீட்டுச் சுவரில் இருந்த கடைசிக் கோட்டையும் அன்றைக்குத் தாண்டியிருப்பேன். வலியில் உயிர் போயிற்று. முகத்தில் காட்டவில்லை.

"ரொம்ப நல்லா மெயின்டெயின் பண்ணியிருக்கீங்க" என்றார்.

பார்ட்டி ஒரு ஜோடியை எடுத்துப் பார்த்துத் தலையாட்டும்போது வருகிற சந்தோஷம் அப்படியே வந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன், "கைக்கு எவ்ளோ போடுவீங்க சார்? இதுக்கு எவ்ளோ?" என்று மார்பைக் காட்டினேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். "அதுக்குக் கணக்கு கிடையாதும்மா. கை, கால், கண்ணு, காது, இதுக்கெல்லாம் தான். வேலை செய்யற உறுப்புக்குத்தான் பர்சென்டேஜ்."

என் பிள்ளைக்கு ஒன்றரை வயது வரைக்கும் அது வேலை செய்ததே என்று வாய்வரை வந்தது. அந்த நிமிஷம் எனக்கு நிஜமாகவே கோபம், அந்த டாக்டர் பையன் மேல் இல்லை, இந்தக் கணக்கைப் போட்ட யாரோ ஒருவர் மேல். எந்த ரூமில் உட்கார்ந்து, எத்தனை ஆண்கள் சேர்ந்து போட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

வெளியே கௌன்டரில் கிளார்க் சீட்டைக் கொடுத்தார். முப்பது சதவீதம் என்று இருந்தது. நான் நன்றி சொன்னேன். அவர் விநோதமாகப் பார்த்தார்.

"இத வெச்சி ஒண்ணும் வாங்க முடியாதும்மா. நாப்பது இருக்கணும்."

பரீட்சையில் நிறைய மார்க் வாங்கியதுபோல் சந்தோஷப்பட்டு வந்தவளுக்கு, அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பாஸ் ஆகத் தெரிந்த எனக்கு, ரிஜெக்ட் ஆகத் தெரியவில்லை. பள்ளிகொண்டா வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கை வழக்கம்போல வீங்கத் தொடங்கியது, ரவிக்கையின் கை தசையில் வெட்டியது. பூத்து போச்சு என்று அழுதேன். பக்கத்தில் இருந்தவர் டிக்கெட் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

கம்பெனியில் எங்கள் மேஜைக்கு அடுத்த பேக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்தவரை நாங்கள் எல்லோரும் ஆபா என்போம், அவர்கள் வீட்டு உருதுவில் அக்கா என்று அர்த்தம். வாணியம்பாடியில் பிறந்து ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவார். நடந்ததைச் சொன்னேன். பேண்டேஜ் கட்டிக்கொண்டு படுத்திருந்ததையும், மூச்சைப் பிடித்துத் தூக்கியதையும், பவுடரையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அடிப்பாவி, டச்சப் பண்ணிட்டுப் போயிருக்கியே. போர்டு இன்னா பார்ட்டியா?"

நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது. சிரித்து முடித்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாட்டி தூக்காத. கொஞ்சம் தூக்கிட்டு, அம்மான்னு கத்து. எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க."

அதைப் பற்றி ரொம்ப நாள் யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது என்கிற பெரிய ஒழுக்கம் ஒன்றும் என்னைத் தடுக்கவில்லை, தழும்பை மறைத்தே சம்பளம் வாங்கியவள் நான். வேறொன்று தடுத்தது. சுவரில் அந்தக் கோடுகளை ஏற்றியது நான். மற்றவர்கள் ஆப்பிளோடு வந்து போய்க்கொண்டிருந்த மாதங்களில், நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு எனக்குக் கிடைத்த அத்தாட்சி அந்தக் கோடுகள்தான். ஒரு சர்டிபிகேட்டுக்காக அதைக் கீழே இறக்கிக் காட்ட மனசு வரவில்லை.

பிசியோதெரபி மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கேட்டேன். எப்படி அளக்கிறார்கள், கோணம் தவிர வேறென்ன பார்ப்பார்கள் என்று. பலம் பார்ப்பார்கள், வேலை செய்யும் திறன் பார்ப்பார்கள், சுற்றளவும் எடுக்கலாம் என்றார். "நீங்க அன்னைக்குக் காட்டினது உங்களோட நல்ல நாளு. டெய்லி இருக்கிற கையைக் காட்டுங்க" என்றார். ஒரு நாள் பேண்டேஜ் இல்லாமல் போகலாமா என்று கேட்டதற்கு, யோசித்து, ஒரே ஒரு நாள் என்றார்.

கேன்சர் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, மனு எழுதிக்கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி போர்டுக்கு அழைப்பு வந்தது. அன்று காலை எந்த நாளையும் போலவே செய்தேன். அடிபம்பில் தண்ணீர் அடித்தேன். துணி துவைத்தேன். சோறு வடித்தேன். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். வீட்டில் கட்டுகிற நூல் புடவை, குட்டைக் கை ரவிக்கை. துணி மடிப்பை எடுத்துவிட்டேன். வேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தபோது ஒரு ஆள் என் கையையும் என் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தான். கூசியது. உடம்பில் துணியே இல்லாததுபோல் கூசியது. ஆனாலும் முந்தானையை இழுத்து மூடவில்லை.

இந்த முறை எலும்பு டாக்டர் வேறொருவர், நரைத்தவர். கருவியை வைத்தார். தூக்கச் சொன்னார். என்னால் முடிந்தவரை தூக்கினேன், குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அவர் பழைய சீட்டைப் பார்த்தார்.

"இதே அளவுதான் போல இருக்குதே. எதுக்கும்மா மறுபடி வந்தீங்க?"

"தூக்க முடியுது சார். தூக்கியே வெக்க முடியல."

"இன்னா வேலை செஞ்சிட்டு இருந்தீங்க?"

சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டார், தோலில் உண்ணித் தழும்பு எப்படி இருக்கும் என்றுகூடக் கேட்டார். என்னைப்போலவே நோண்டுகிற ஆள் போலிருக்கிறது. பிறகு மேஜை மேல் இருந்த ஒரு மாத்திரை அட்டைப்பெட்டியையும் ஒரு பென்சிலையும் கொடுத்தார்.

"அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இது ஷூ, இது பிரஷ்ஷு. கம்பெனியில எப்படிச் செய்வீங்களோ அப்படிச் செஞ்சிக்கிட்டே இருங்க. நான் சொல்றப்ப நிறுத்துங்க."

அடுத்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார். நான் மூலையில் உட்கார்ந்து, மாத்திரைப் பெட்டிக்கு டச்சப் செய்ய ஆரம்பித்தேன். முனையில் கலரைத் தொடு, தழும்பின் ஓரத்தில் வை, உள்பக்கமாக இழு, துடை, திருப்பு. முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் வெட்கம் போய்விட்டது, வேலை நினைவு வந்துவிட்டது, பெட்டியில் இல்லாத தழும்பெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. சந்தோஷமாகவே செய்தேன். ஒரு பையனுடைய கால் பார்க்கப்பட்டது, ஒரு பெரியவருடைய கண் பார்க்கப்பட்டது. கை கனத்தது. தோள் எரிந்தது. பென்சிலைப் பிடித்திருந்த விரல்கள் உப்பி, எது விரல் எது பென்சில் என்று தெரியாமல் போனது. பென்சில் தரையில் விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கப் போனேன், கை வரவில்லை.

"நான் நிறுத்தச் சொல்லலியே" என்றார் டாக்டர், என் பக்கம் திரும்பாமலே.

"நான் நிறுத்தல சார். கைதான் நிறுத்திடுச்சு."

அவர் எழுந்து வந்து பார்த்தார். டேப் எடுத்து இரண்டு கையையும் சுற்றி அளந்தார். தன் கையை என் கையோடு கோத்து, அழுத்தச் சொன்னார். என்னால் முடிந்தது ஒன்றுமில்லை. மற்ற இரண்டு டாக்டர்களோடு இங்கிலீஷில் பேசினார். பிறகு பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த கிளார்க்கிடம், "நாப்பத்தஞ்சு போடுங்க" என்றார்.

எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அதற்குள் கிளார்க் பேனாவை நிறுத்தி, "வேலிடிட்டி ஒரு வருஷம் போட்டுடட்டுங்களா சார்? கேன்சர் கேஸு" என்று கேட்டார். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதை அவர் மறந்துவிட்டார், கெட்ட மனிதர் இல்லை.

"எதுக்கு? வருஷா வருஷம் இந்தம்மா பஸ் ஏறி வரணுமா? நிரந்தரம்னு போடுங்க."

எனக்கு அழுகை நின்று போனது. பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் பதில் சொல்லாத கேள்வி நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"நிரந்தரம்னா எவ்ளோ நாள் சார்?"

அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றினார். "கை இப்படியேதான் இருக்கும். அது எனக்குத் தெரியும். அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, சீட்டு பிடிக்கிறவர்களுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்றால் நான் எல்லோரையும் போலத்தான். வராந்தாவில் வந்து உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு, ஒரு டீ குடித்தேன்.

பூத்து கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை, டெலிபோன் இலாகாவில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டி, "வியாதிக்காரங்க, நடத்திடுவீங்களா?" என்று தயங்கினார். நடத்திக் காட்டுகிறேன் என்றேன். கம்பெனி கேட்டுக்கு எதிர்வரிசையில் ஒரு சின்னக் கடையைப் பிடித்து மஞ்சள் போர்டு மாட்டினேன். இடது கையால் ரிசீவர் எடுக்கவும் பில் கிழிக்கவும் பழகிக்கொண்டேன். ஷிப்ட் விட்டதும் கூட்டம் மொய்க்கும். கல்கத்தாவுக்குப் பேசுகிற தோல் வியாபாரிகள், திமிரியில் இருக்கிற அம்மாவுக்குப் பேசுகிற புதுப் பெண்கள், யாருக்குப் பேசுகிறோம் என்று சொல்லாமல் கண்ணாடிக் கதவை இறுக்கிச் சாத்திக்கொள்கிற பையன்கள். கதவு சாத்தியிருந்தாலும் முகத்தைப் பார்த்தே எனக்குப் பாதி தெரிந்துவிடும். இதைவிட எனக்குப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை. ஆபா தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து, யார் யாருக்குப் பேசினார்கள் என்று கேட்பார். சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருந்ததும் இல்லை.

செக்கப்புக்கு அவ்வப்போது வேலூர் போய்வந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். போகப் போக அந்தப் பயணங்களின் இடைவெளி நீண்டது.

அப்புறம் செல்போன் வந்தது. முதலில் முதலாளிகளிடம், பிறகு சூப்பர்வைசர்களிடம், கடைசியில் டச்சப் மேஜையில் இருந்த பெண்களிடமும். என் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று, தங்கள் செல்லில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் ஜெராக்ஸ் மெஷின் வைத்துப் பார்த்தேன், ரீசார்ஜ் கூப்பன் விற்றேன். ரீசார்ஜ் வியாபாரம் ஓரளவு ஓடியது, டெலிபோன் மட்டும் சும்மா இருந்தது. பல நாள் மீட்டர் ஓடவேயில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு, பூத்து இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

டெலிபோன் ஆபீசில் புதிதாக ஒரு இளைஞர் இருந்தார். பூத்து நம்பரைச் சொன்னேன். உள்ளே போய்ப் பழைய பைலைத் தேடி எடுத்து வந்து, நின்றபடியே புரட்டினார். கேன்சர் டாக்டர் கொடுத்த கடிதம் வந்த இடத்தில் நிறுத்திப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரண்டர் பண்றது ஒண்ணும் கஷ்டமில்ல. நீங்க அவங்களுக்கு இன்னா வேணும், தங்கச்சியா?"

"யாருக்கு?"

"பூத்து அலாட்மென்ட் வாங்கினாங்களே, அந்தம்மாவுக்கு. அவங்க எப்ப தவறினாங்க? டெத் சர்டிபிகேட் ஜெராக்ஸ் ஒண்ணு வெச்சிட்டீங்கன்னா போதும், மத்தத நான் பாத்துக்கறேன்."

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார்.

"அந்தம்மா நான்தான் தம்பி" என்றேன். "டெத் சர்டிபிகேட்டுக்கு இன்னும் நாள் ஆகும் போல இருக்குது. அது இல்லாம முடிக்க முடியுமா பாருங்க."

அவர் திடுக்கிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை, உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டேன்.